ஸுஜூதை இழவாதிருப்போம்
முதியோருக்கான தேகப் பயிற்சி பற்றிய ஒரு பாடம்

 

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வரும்போது நம் பள்ளிவாசலின் வரிசைகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். முன்னெல்லாம் சுவரோரத்தில் இரண்டொரு நாற்காலிகளே கிடக்கும். தள்ளாத வயதினரான பெரியவர்கள் அவற்றில் அமர்ந்து தொழுவார்கள். இன்றோ நாற்காலிகள் ஒரு வரிசையாகவே நீண்டு நிற்கின்றன. அவற்றில் அமர்ந்திருப்போரில் அறுபதைக்கூட எட்டாத சிலரையும் காண்கிறோம்.

நாற்காலியில் தொழுவோரைக் குறை கூறுவது இப்பாடத்தின் நோக்கமன்று. நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்து தொழலாம்; அதுவும் இயலாதவர் படுத்தேனும் தொழலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சலுகை அளித்திருக்கிறார்கள். அது அல்லாஹ்வின் அருட்கொடை. மெய்யாகவே நோயுற்றவர் அச்சலுகையை மனக்கூச்சமின்றி ஏற்றுக்கொள்ள வேண்டும். நாம் கேட்பது வேறு கேள்வி. இன்று நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூது செய்யும் பாக்கியம் பெற்றிருக்கும் நாம், அந்தப் பாக்கியம் பத்தாண்டுகளுக்குப் பின்னும் நம்மிடம் நிலைத்திருக்க இன்றைக்கு என்ன செய்கிறோம்?

இக்கேள்விக்கு விடை காண்பதே இப்பாடம்.

1. உடல் ஓர் அமானிதம்

நம் உடல் நமக்குச் சொந்தமானதன்று. அது அல்லாஹுத் தஆலா நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். உடலுக்கும் நம்மீது ஓர் உரிமை உண்டு என்பது நபிமொழி. இரவெல்லாம் விழித்துத் தொழுது, பகலெல்லாம் நோன்பு நோற்ற தோழர் ஒருவரை நாயகம் (ஸல்) அவர்கள் இதைக் கூறியே தடுத்தார்கள். வணக்கத்திற்காகக்கூட உடலை வதைக்கலாகாது என்றால், சோம்பலினால் அதைப் பாழாக்குவதற்கு யார் அனுமதி தருவார்?

ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மனிதர்களில் பலர் ஏமாந்துபோகும் இரு அருட்கொடைகள் என்றும் ஹதீதில் வந்துள்ளது. ஓய்வு பெற்றோரின் நிலையை இதைவிடப் பொருத்தமாக எவர் கூற முடியும்? நாற்பதாண்டுகள் கல்லாவிலும் அலுவலகத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவருக்கு அல்லாஹ் ஓய்வைத் தருகிறான். அந்த ஓய்வை நாற்காலியிலும் தொலைக்காட்சியின் முன்னும் கழித்தால், ஓய்வு நேரம் என்ற கொடையே ஆரோக்கியம் என்ற மற்றொரு கொடையைத் தின்றுவிடுகிறது.

இயலாமை, சோம்பல், தள்ளாத முதுமை ஆகியவற்றிலிருந்து நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி வந்தார்கள். நாமும் அந்த துஆவை ஓதுகிறோம். துஆவுக்குப் பின் முயற்சியும் இருத்தல் வேண்டும் அன்றோ?

2. முதுமையில் உடலில் நிகழ்வது யாது?

பலவீனத்திலிருந்து படைத்து, பின்னர் பலத்தைக் கொடுத்து, அதன் பின்னர் பலவீனத்தையும் நரையையும் ஆக்குகிறான் இறைவன் என்ற கருத்தைக் குர்ஆன் ஷரீபின் 'ரூம்' அத்தியாயத்தில் காண்கிறோம். ஆகவே முதுமையை எவராலும் தடுத்து நிறுத்த முடியாது. ஆனால் முதுமையினால் வரும் பலவீனம் வேறு. சும்மா இருப்பதனால் வரும் பலவீனம் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இப்பாடத்தின் உயிர்நாடி.

முப்பது வயதைத் தாண்டியபின் நம் தசைகள் மெல்ல மெல்லக் குறைகின்றன. பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 சதவிகிதம் வரை குறையும் என்பர். அறுபதுக்குப் பின் இத்தேய்மானம் விரைவு கொள்கிறது. தசை குறையக் குறைய வலிமையும் குறையும். எலும்பு மெலியும். கால் தடுக்கினால் சட்டென்று சமாளித்து நிற்கும் சுறுசுறுப்பும் மங்கும்.

தசைக்கு மற்றொரு வேலையும் உண்டு. நாம் உண்ணும் சோறும் ரொட்டி சானாயும் இரத்தத்தில் சர்க்கரையாக மாறுகின்றன அல்லவா? அச்சர்க்கரையில் பெரும் பங்கை உறிஞ்சிப் பயன்படுத்துவது தசையே. தசை வற்றியவனுக்கும் தசையை அசைக்காதவனுக்கும் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கும். மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் 15.6 சதவிகிதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு நோய் இருந்தது. நம் சமூகத்தில் இந்நோய் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நம் பாட்டன்மார் நாகூரிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் கப்பலேறி வந்தபோது தேகப் பயிற்சி என்ற சொல்லையே அறியமாட்டார்கள். அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. மூட்டை சுமந்தார்கள், துணிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார்கள், கிணற்றில் நீர் இறைத்தார்கள், தரையில் அமர்ந்து உண்டு தரையிலிருந்தே எழுந்தார்கள். நாம் லிப்டில் இறங்குகிறோம், காரில் ஏறுகிறோம், நாற்காலியில் அமர்ந்து உண்டு மெத்தையில் சாய்கிறோம். அவர்களுக்குப் பிழைப்பே பயிற்சியாயிருந்தது. நாமோ பயிற்சிக்கென்று நேரம் ஒதுக்கியே ஆகவேண்டும்.

3. நாயகம் (ஸல்) அவர்களின் நடை

நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத்துச் செய்தபோது அவர்களுக்கு வயது ஏறக்குறைய ஐம்பத்து மூன்று. அதன் பின்னர் அவர்கள் வாழ்ந்த பத்தாண்டுகளும் நம் கணக்கில் ஓய்வுக் காலத்தை ஒட்டிய வயது. அந்த வயதிலே அவர்கள் சனிக்கிழமைதோறும் குபா பள்ளிக்குச் செல்வார்கள். சில வேளை வாகனத்திலும் சில வேளை நடந்தும் செல்வார்கள். மதீனாப் பள்ளியிலிருந்து குபா ஏறத்தாழ மூன்று கிலோமீட்டருக்கு மேல். போய்வருவதென்றால் ஆறு கிலோமீட்டருக்குக் குறையாது. பாலைவனத்து வெயிலில் நடந்த நடை அது!

ஆயிஷா நாயகி (ரலி) அவர்களுடன் நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் வைத்ததும் நாமறிந்ததே. முதலில் நாயகி வென்றார்கள். பின்னொரு முறை நாயகம் (ஸல்) அவர்கள் வென்று, அது முன்னதற்கு ஈடு என்று கூறிச் சிரித்தார்கள். வயதான பின் விளையாட்டா என்று முகம் சுளிப்போர் இதைச் சிந்திக்க வேண்டும்.

மேலும், பனூ ஸலிமா கோத்திரத்தார் தூரத்திலிருந்த தங்கள் வீடுகளை விட்டுப் பள்ளிவாசலுக்கு அருகே குடியேற விரும்பினர். நாயகம் (ஸல்) அவர்களோ, இருந்த இடத்திலேயே இருக்குமாறும், அவர்களின் காலடிச் சுவடுகள் யாவும் நன்மையாக எழுதப்படுகின்றன என்றும் கூறினார்கள். பள்ளிக்கு நடந்து செல்லும் ஒவ்வோர் எட்டுக்கும் கூலி உண்டு என்றிருக்க, நாம் பள்ளி வாசற்படிக்கு எதிரிலேயே காரை நிறுத்த இடம் தேடி அலைகிறோம்!

4. தொழுகையே பயிற்சியன்றோ?

"ஐந்து வக்தும் தொழுகிறேன், வேறு பயிற்சி எதற்கு?" என்று கேட்போர் பலர். தொழுகை வணக்கமே அன்றி உடற்பயிற்சிக்காக விதிக்கப்பட்டதன்று. எனினும் அதில் உடலுக்கு நன்மை உண்டென்பதில் ஐயமில்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம். பர்ளான தொழுகை ஒரு நாளில் 17 ரக்அத்து. அதில் ருகூவு 17, ஸுஜூது 34. தரையிலிருந்து முழுதாக எழுந்து நிற்பது ஸுபுஹில் 1, லுஹரில் 3, அஸரில் 3, மஃரிபில் 2, இஷாவில் 3, ஆக 12 தடவை. சுன்னத்தையும் சேர்த்தால் இன்னும் மிகும். தரையிலிருந்து எழுவது தொடைக்கும் இடுப்புக்கும் நல்ல வேலை. அறுபது வயதுக்காரர் எவரும் தமக்குத் தாமே நாள்தோறும் விதித்துக்கொள்ளாத வேலை இது.

இங்கேதான் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சிறிய முழங்கால் வலி வந்தவுடன் ஒருவர் நாற்காலிக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 12 எழுச்சிகளும் அன்றே நின்றுவிடுகின்றன. தொடைக்கு வேலையில்லை. வேலையில்லாத தொடை மெலிகிறது. மெலிந்த தொடையால் முழங்காலைத் தாங்க முடிவதில்லை. வலி கூடுகிறது. நாற்காலி நிரந்தரமாகிறது. சில நாள் ஓய்வுக்கென்று எடுத்த நாற்காலி, ஓராண்டில் எழவே முடியாத நாற்காலியாகிவிடுகிறது.

மற்றொரு புறம், தொழுகையின் அசைவுகள் மட்டுமே போதும் என்பதும் சரியன்று. இருதயமும் நுரையீரலும் விரைந்து வேலை செய்யும்படியான நீடித்த அசைவு தொழுகையில் இல்லை. அமைதியும் நிதானமுமே அதன் அழகு. ஆகவே நடையும் பிற பயிற்சிகளும் தனியே வேண்டும். தொழுகைக்காக உடலைப் பேணுவோம்; தொழுகையை உடற்பயிற்சியாக்க வேண்டாம்.

5. ஆராய்ச்சிகள் கூறுவது

இவ்விஷயத்தில் கல்வியாளர் கண்ட சில உண்மைகளை அறிந்துகொள்வது நலம்.

(அ) லண்டன் மாநகரின் இரண்டடுக்கு பஸ்களில் ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ டிக்கட் கொடுக்க மேலும் கீழும் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குவார். ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் தம் குழுவினருடன் இவ்விரு சாராரையும் ஒப்பிட்டு 1953-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது; வந்தாலும் உயிரைப் பறித்தது குறைவு. உடல் உழைப்புக்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகுக்கு எடுத்துக்காட்டிய முதல் ஆராய்ச்சிகளில் இது ஒன்று.

(ஆ) அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் ஏறக்குறைய தொண்ணூறு வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்குப் பளுப் பயிற்சி அளித்தனர். 1990-இல் வெளியான முடிவைப் பாருங்கள்: பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரி 174 சதவிகிதம் கூடியது, தொடைத் தசையும் பெருத்தது. தொண்ணூறு வயதில்! "இனி என்ன பயிற்சி?" என்று அறுபத்தைந்தில் சொல்லும் நாம் வெட்கப்பட வேண்டாமா?

(இ) பிரேசில் நாட்டில் 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார்கள். கையோ முழங்காலோ ஊன்ற நேர்ந்த ஒவ்வொரு தடவைக்கும் மதிப்பெண் குறைக்கப்பட்டது. பின்னர் சில ஆண்டுகள் அவர்களைக் கவனித்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். எளிதாக எழுந்தவர்களைவிடத் தட்டுத்தடுமாறி எழுந்தவர்களிடையே இறப்பு அதிகமாயிருந்தது. தரையில் அமர்ந்து எழுவதே ஆயுளை நீட்டும் என்று இதற்குப் பொருளன்று. ஆயுள் அல்லாஹ்வின் கையில். ஆனால் தரையிலிருந்து எழும் சக்தி உடலின் மொத்த நலத்தையும் காட்டும் கண்ணாடி என்பது விளங்குகிறது. நமக்கோ அந்தக் கண்ணாடி நாள்தோறும் ஐந்து வேளை முன்னால் வைக்கப்படுகிறது.

(ஈ) நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடந்தே தீரவேண்டும் என்று பலர் கூறக் கேட்டிருப்பீர்கள். இவ்வெண் 1965-ஆம் ஆண்டளவில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிகணக்கும் கருவி ஒன்றின் பெயரால் பரவியது. சராசரி 72 வயதான பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு 41 சதவிகிதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் நடந்தும் பலன் கூடக் காணோம். ஆகவே பத்தாயிரம் என்ற எண்ணைக் கண்டு மலைத்துச் சும்மா இருந்துவிட வேண்டாம்.

6. எவ்வளவு செய்ய வேண்டும்?

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 65 வயதுக்கு மேற்பட்டோர் செய்யத்தக்கவை மூன்று:

முதலாவது, வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான உழைப்பு. நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள் விறுவிறுப்பாக நடந்தால் 150 நிமிஷம் நிறைவுறும். விறுவிறுப்பு என்பதை எவ்வாறு அறிவது? பக்கத்தில் வருபவரிடம் பேச முடியவேண்டும். ஆனால் பைத்து ஓத மூச்சுப் போதாமலிருக்க வேண்டும். அதுவே அளவு.

இரண்டாவது, வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி.

மூன்றாவது, வாரத்தில் குறைந்தது 3 நாள் உடல் தடுமாறாமல் நிற்கப் பழகும் பயிற்சி.

நம்மில் பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறோம். காலையில் பூங்காவில் ஒரு சுற்று நடந்து, பின்னர் கடையில் அமர்ந்து ஒரு தே தாரிக் அருந்திவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். நடை நல்லது, ஆனால் நடை மட்டும் தொடையைப் போதிய அளவு வலுப்படுத்தாது. விழாமல் காக்கவும் தரையிலிருந்து எழுப்பவும் மற்ற இரண்டும் வேண்டும். அந்தத் தே தாரிக்கில் கலக்கும் கெட்டிப்பாலைப் பற்றி வேறொரு பாடத்தில்தான் பேச வேண்டும்!

7. வீட்டிலேயே செய்யத்தக்க ஐந்து பயிற்சிகள்

இவற்றுக்குப் பணச் செலவில்லை. கருவியும் வேண்டாம்.

நாற்காலி எழுச்சி: உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் மீது கட்டிக்கொண்டு முழுதாக எழுந்து நின்று, மெதுவாக அமருங்கள். தொப்பென்று விழக்கூடாது. 8 அல்லது 10 தடவை; சற்று ஓய்வு; மீண்டும் ஒரு சுற்று. முடியாதவர் கையூன்றித் தொடங்கலாம், அல்லது தலையணை போட்டு ஆசனத்தை உயர்த்திக்கொள்ளலாம். இதையே சோதனையாகவும் செய்யலாம். அரை நிமிஷத்தில் எத்தனை தடவை கையூன்றாமல் எழ முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதுள்ள ஆண் 12-க்கும், பெண் 11-க்கும் குறைந்தால் கால்கள் வலுவிழந்துள்ளன என்று அறிக.

குதிகால் உயர்த்தல்: சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு இரு குதிகால்களையும் உயர்த்தி முன்பாதத்தில் நின்று, மெல்ல இறக்குங்கள். 10 தடவை.

சுவர்த் தள்ளல்: சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, முழங்கையை மடக்கி மார்பைச் சுவரருகே கொண்டுசென்று மீண்டும் தள்ளுங்கள். 10 தடவை. ஸுஜூதிலிருந்து கையூன்றி எழுவோருக்கு இது பெரிதும் உதவும்.

ஒற்றைக்கால் நிலை: மேடையருகே நின்று ஒரு காலை உயர்த்தி 10 வினாடி நில்லுங்கள். பின்னர் மறு கால். தொடக்கத்தில் இரு கையாலும், பின்னர் ஒரு கையாலும், பின்னர் ஒரு விரலாலும் பிடித்துப் பழகலாம். ஒளுச் செய்யும்போது காலை உயர்த்திக் கழுவுகிறோமே, அப்போது தடுமாறாமலிருக்க இது துணை செய்யும்.

தரையிலிருந்து எழப் பழகுதல்: பாயில் மண்டியிட்டு, எதிரிலுள்ள நாற்காலியின் ஆசனத்தில் இரு கைகளையும் ஊன்றி, வலுவான காலை முன்வைத்து அழுத்தி எழுங்கள். முதலில் ஒருவர் அருகிலிருப்பது நலம். வீட்டில் தனியே இருக்கையில் விழுந்துவிட்டாலும் எழுவதற்கு இப்பழக்கம் கைகொடுக்கும்.

உணவுக்குப்பின் 10 அல்லது 15 நிமிஷம் மெல்ல நடப்பதும் சர்க்கரை ஏற்றத்தைக் குறைக்கும். இஷாவுக்கு நடந்தே போய் வருபவருக்கு இது தானாகவே கிட்டிவிடும்.

சகோதரிகளுக்கு ஒரு சொல். "வீட்டு வேலையெல்லாம் நாங்கள்தானே செய்கிறோம், அது போதாதா?" என்று கேட்கிறீர்கள். வீட்டு வேலையும் அசைவே, வீணன்று. ஆயினும் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பது நடையாகாது. மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு விரைந்து மெலிகிறது. ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பழைய நடை திரும்புவது கடினம். ஆகவே வலுவூட்டும் பயிற்சி ஆண்களைக் காட்டிலும் உங்களுக்கே மிக அவசியம். புளோக்கின் கீழ்த்தளத்திலோ அருகிலுள்ள பூங்காவிலோ நாலைந்து பேர் சேர்ந்து, மார்க்கத்திற்கேற்ற உடையில், காலை வேளையில் நடக்கலாம். கூட்டாகச் செய்தால் கைவிடாமல் நிலைக்கும்.

8. எச்சரிக்கைகள்

இருதய நோய், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உள்ளவரும், நெடுநாள் அசையாதிருந்தவரும் முதலில் டாக்டரைக் கண்டு ஆலோசிக்க வேண்டும். பயிற்சியின்போது மார்பில் வலியோ இறுக்கமோ, தலைச்சுற்றலோ, வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்தி உதவி தேடுங்கள். "வாய்வாயிருக்கும்" என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கலாகாது.

இன்சுலின் போடுவோரும், சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை உண்போரும் சட்டைப்பையில் இனிப்பு மிட்டாய் வைத்துக்கொள்ள வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் பொருத்தமான காலணி அணிந்து, வீடு திரும்பியதும் பாதத்தில் புண் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் நாடுகளின் வெப்பமும் புழுக்கமும் கடுமையானவை. ஸுபுஹுக்குப் பின்னும் மாலை வெயில் தாழ்ந்த பின்னும் நடப்பதே உகந்தது. புகைமூட்டக் காலத்தில் வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்யலாம். ரமலானில் பகலில் கடும் பயிற்சி வேண்டாம். இப்தாருக்குப் பின் செய்யலாம். இருபது ரக்அத்து தராவீஹ் தொழுவோருக்கு அதுவே நல்ல உழைப்புத்தான்.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் அசையாமலிருந்தால் வலி தீரும் என்பது தவறான எண்ணம். முறையான பயிற்சி அவ்வலியைத் தணிக்கும். எது முறை என்பதை இயன்மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

ஹஜ்ஜுக்கு நிய்யத்து வைத்திருப்போர் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு ஓட்டங்கள் ஓடினால் மூன்று கிலோமீட்டருக்கு மேலாகிறது. தவாபும் மினாவின் நடையும் வேறு. 2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜில் மக்காவின் வெப்பம் 50 பாகையைத் தாண்டியது. ஆயிரத்து முந்நூறு பேர் வரை மவுத்தானார்கள். பணத்தைப் பல்லாண்டு சேமிக்கும் நாம், கால்களின் பலத்தையும் ஓராண்டுக்கு முன்பிருந்தேனும் சேமிக்க வேண்டும்.

9. ஓர் ஆட்சேபமும் விடையும்

"மவுத்து வருகிற நேரத்தில் வந்தே தீரும். பயிற்சி செய்தால் ஒரு வினாடி கூடுமா?" என்பர் சிலர். கூடாதுதான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். நாம் பயிற்சி செய்வது மவுத்தைத் தள்ளிப்போட அன்று. கொடுக்கப்பட்ட ஹயாத்தில் பிறர் தோளை எதிர்பாராமல் ஒளுச் செய்யவும், பள்ளிக்கு நடக்கவும், பேரப்பிள்ளையைத் தூக்கவும், ஸுஜூதில் விழவுமே.

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவரின் செய்தியை, அவர் சம்மதத்துடன், பெயர் குறிக்காது இங்கே தருகிறேன். நாற்பதாண்டு காலம் நாணயமாற்றுக் கடையில் அமர்ந்து வேலை செய்தவர். அறுபத்தெட்டில் முழங்கால் வலித்தது, நாற்காலிக்கு மாறினார். இரண்டாண்டில் அந்த நாற்காலியிலிருந்தே கையூன்றாமல் எழ முடியவில்லை. ஒரு நாள் ஒளுச் செய்யுமிடத்தில் ஈரத்தில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் மூவர் சேர்ந்து தூக்கும் வரை எழ முடியாமல் கிடந்தார். அந்த வெட்கத்தில் ஜும்ஆவைத் தவிர மற்ற வக்துகளுக்குப் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

அவர் மகள் ஒரு நாள், "அத்தா, விழுந்தது ஒரு தடவை. பள்ளியை விட்டது தினமும் ஐந்து தடவை. எது பெரிய நஷ்டம்?" என்று கேட்டாராம். அச்சொல் அவரை உலுக்கியது. இயன்மருத்துவரைக் கண்டார். முழங்காலைவிடத் தொடையே பலமிழந்திருக்கிறது என்றார் அவர். நாற்காலியில் தலையணை போட்டு, நாளைக்கு நாலே நாலு எழுச்சியுடன் தொடங்கினார். பின்னர் ஆறு, பின்னர் பத்து. ஏழு மாதமாயிற்று. இப்போது அவர் வரிசையில் நின்று தொழுகிறார், ருகூவு செய்கிறார், ஸுஜூதிலிருந்து எழும்போது மட்டும் பக்கத்திலுள்ள நாற்காலியில் ஒரு கை வைக்கிறார். சில நாட்களில் அதுவும் தேவைப்படுவதில்லை. சில நாட்களில் தேவைப்படுகிறது.

"வயதுதான் என்னைச் சாய்த்தது என்று நினைத்திருந்தேன். காலுக்கு நான் வேலை கொடாததுதான் பாதிக் காரணம் என்று எழுபதுக்குப் பிறகல்லவா தெரிந்தது! மறுபடி நெற்றி தரையில் பட்ட அன்று வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை" என்று அவர் என்னிடம் கூறினார்.

அருமைச் சகோதரர்களே! அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாயினும் இடைவிடாது செய்யப்படுவது என்பது நபிமொழி. இதையும் அவ்வாறே தொடங்குவோம். இன்று இஷாவுக்கு நடந்து செல்வோம். நாளைக் காலை நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்து தடவை எழுவோம். அடுத்த வாரம் ஒன்றைக் கூட்டுவோம். முதுமைக்கு முன் இளமையையும் நோய்க்கு முன் ஆரோக்கியத்தையும் பயன்படுத்திக்கொள்ளுமாறு ஏவிய நாயகத்தின் உம்மத்தினர் நாம். இளமை போயிருக்கலாம், ஆரோக்கியத்தில் மீதமிருப்பது இன்னும் நம் கையில் உண்டு.

வகுப்பில் கலந்து பேசுவதற்குச் சில வினாக்கள்:

1. முதுமையினால் வரும் பலவீனத்துக்கும் சும்மா இருப்பதனால் வரும் பலவீனத்துக்கும் உள்ள வேற்றுமை யாது?
2. நாற்காலியில் தொழும் சலுகை யாருக்கு உரியது? அதைப் பெற்றவர் தம் கால்களின் பலத்தைப் பேண வேறு என்ன செய்யலாம்?
3. அரை நிமிஷத்தில் நீங்கள் எத்தனை தடவை எழுகிறீர்கள்? இன்று குறித்துவைத்து, மூன்று மாதத்திற்குப் பின் மீண்டும் பாருங்கள்.
4. தனியே வாழும் முதியவர் ஒருவர் உங்கள் புளோக்கில் உண்டா? பள்ளிக்கு நடக்கும்போது அவரையும் அழைத்துச் செல்ல இயலுமா?

வல்ல நாயன் நம் அனைவருக்கும் பூரண ஸிஹ்ஹத்தைத் தந்து, இறுதி வக்து வரை நம் நெற்றிகளைத் தன் சந்நிதியில் தரையில் வைக்கும் பாக்கியத்தை நல்குவானாக! ஆமீன்.